முலாம்பழம் வெடித்த ஊர்

அத்தியாயம் ஒன்பது

மோட்டல் அறை முழுக்கத் தண்ணீர். என் செருப்பில் ஒன்று கட்டிலுக்கு அடியிலிருந்து மிதந்து வந்து, ஆளை அடையாளம் கண்டுகொண்டது போல என் காலருகே நின்றது.

மோட்டல் முதலாளி நட்டுபாய் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார். குஜராத்தில் பிறந்து, உகாண்டாவில் கடை வைத்து, கடைசியில் டெக்சாஸ் பாலைவனத்தில் மோட்டல் கட்டிக்கொண்ட மனிதர். வெள்ளத்தை இந்த ஊரில் பார்ப்போம் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"ரோட்டுல பைப் ரிப்பேர், பத்து மணி வரைக்கும் தண்ணி வராதுன்னு காலைலயே சொன்னேனே, அங்கிள்" என்றார் இந்தியில்.

"வரலைதான். திறந்து பார்த்துட்டுத்தான் டிபன் சாப்பிடப் போனேன்."

"வரலைன்னா மூட மாட்டீங்களா?"

"மூடிட்டா, வந்தது எப்படித் தெரியும்?"

நட்டுபாய் என்னைப் பார்த்தார். பிறகு வாஷ்பேசினைப் பார்த்தார். "அடைப்பான் வேற போட்டிருக்கு."

"வந்தா கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கலாமேன்னு."

குற்றவாளி எதையும் மறைக்கவில்லை என்பதைப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

என் மருமகள் ஷ்யாமளா பின்னால் வந்து நின்றாள். அவள் ஒரு பயிர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் துப்பறிகிறவள். விசிட்டிங் கார்டில் அட்ஜஸ்டர் என்று போட்டிருக்கும். யாரோடும் அவள் அட்ஜஸ்ட் செய்துகொண்டு நான் பார்த்ததில்லை. ரயில்வே கார்டாக இருந்து ரிட்டையரான நான், இர்விங்கில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருக்க வந்தேன். டிவி பார்த்துப் பார்த்து இருந்த இங்கிலீஷும் மறந்துபோகவே, அவளுக்கு உதவியாளனாகச் சேர்ந்துகொண்டேன். சம்பளம் கிடையாது. மரியாதை அவ்வப்போது உண்டு.

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, தண்ணி வரலைன்னதும் குழாயை எவ்வளவு தூரம் திருகினீங்க?"

"முடியற வரைக்கும். ஒருவேளை இன்னும் கொஞ்சம் திருகினா வருமோன்னு ஒரு நப்பாசை."

"வாங்க. வயலுக்கு இன்னொரு தடவை போகணும்."

"செருப்பு நனைஞ்சிருக்கும்மா."

"இந்த ஊர்ல அது ரெண்டு நிமிஷம் தாங்காது. வாங்க."

அந்த ஊரின் பெயர் ட்வின் வெல்ஸ். இரட்டைக் கிணறு என்று அர்த்தம். அதில் ஒன்று வற்றிப் பல காலம் ஆகிறது. பெயர்ப் பலகையை மாற்றச் செலவாகும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு டிராஃபிக் விளக்கு, ஒரு பஞ்சு ஆலை, பழம் அடுக்குகிற ஒரு தகரக் கொட்டகை, ஒரு சின்ன ஆஸ்பத்திரி, நான்கு சர்ச். ஜனத்தொகையை விட சர்ச் பெஞ்சுகள் அதிகம். மழை எப்போதாவது வரும். அன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெளியே கூட்டி வந்து காட்டுவார்கள். நாங்கள் வந்த அன்று ஒரு நாய் டெலிபோன் கம்பத்தின் நிழலில் நீளவாக்கில் படுத்திருந்தது. நிழல் நகர நகர நாயும் நகர்ந்தது. உச்சி வேளையில் நிழல் காணாமல் போனது, நாயையும் காணோம். ஷ்யாமளா இதை நம்பவில்லை. நாய் நம்பியது.

எல்லாம் கிணற்றுத் தண்ணீர் விவசாயம். முன்பு கண்ணுக்கெட்டிய மட்டும் பருத்தி போட்டார்களாம். மோட்டார் ஓட்டுகிற காஸ் விலை ஏறியதும் பாதிப் பேர் நிலத்தை உப்புப் புதருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு டல்லாஸுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரைக் காப்பாற்றியது முலாம்பழம். இந்த மண்ணில் விளையும் பழத்தின் இனிப்புக்கு ஒரு ரகசியம் உண்டு. பழுக்கிற சமயத்தில் சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. கொடி காய்ந்து தவிக்கத் தவிக்கப் பழம் இனிக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் விட்டால் பழம் வெடிக்கும்; வெடிக்காதது வெள்ளரிக்காய் மாதிரி சப்பென்று இருக்கும்.

ஹாலிஸ் டாக்கெட் என்பவரின் தோட்டத்தில் போன வாரம் அதுதான் நடந்தது. பருத்திக்கென்று ராத்திரி விட்ட தண்ணீர், முலாம்பழ வயலின் மூலையில் இருந்த வால்வு திறந்து கிடந்ததால் அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டது. விடிந்தபோது வயல் முழுக்க வெடித்த பழங்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஹாலிஸ் இன்ஷூரன்ஸ் பணம் கேட்டார்; அதை விசாரிக்கத்தான் ஷ்யாமளா வந்திருந்தாள்.

பழி விழுந்தது ஃபோர்மன் யூசேபியோ மேல். சம்பளம் கூட்டிக் கேட்டு மறுக்கப்பட்டவன். அவன்தான் ஆத்திரத்தில் திறந்துவிட்டான் என்றார் ஹாலிஸ். மாலை ஐந்து மணிக்கு ஷெரீஃப் ஆபீஸில் ஹாலிஸ் கையெழுத்துப் போட்டால் கேஸ். அது 1987. பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்கு கிரீன் கார்டு கொடுக்கிற புதுச் சட்டம் வந்து, பதினைந்து வருஷமாக மறைந்து வாழ்ந்த யூசேபியோ அப்போதுதான் அப்ளை பண்ணுவதாக இருந்தான். கேஸ் விழுந்தால் கார்டும் இல்லை, ஊரும் இல்லை.

ஹாலிஸ் வயல் மூலையிலேயே நின்றிருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய தொப்பி. அவர் பேசிய டெக்சாஸ் இங்கிலீஷ் எனக்குப் புரிந்த அளவில் இங்கே தமிழில் வருகிறது. விட்டுப்போனதெல்லாம் மாடுகளைப் பற்றியதாக இருக்கலாம்.

"இன்னும் என்ன பார்க்கணும் மேடம்? வால்வு கடைசிச் சுற்று வரைக்கும் திறந்திருந்தது. கை தவறித் திறந்தவன் அப்படித் திறப்பானா?"

தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய், அதன் தலையில் ஒரு சக்கரம். வேலைக்காரர்கள் கை கால் கழுவுகிற இடமும் அதுதான் என்று பக்கத்தில் கிடந்த சோப்புத் துண்டு சொன்னது.

"மோட்டார் ஓடறப்போ இதைத் திறந்தா என்ன ஆகும்?" என்றாள் ஷ்யாமளா.

"ஆள் தொப்பலா நனைவான்."

"அரைச் சுற்றுலயே?"

"கால் சுற்றுலயே."

"அன்னிக்கு மோட்டார் போட்டது யாரு?"

"நான்தான். யூசேபியோ ஏதோ பேப்பர் விஷயமா வெளியூர் போயிருந்தான். சாயங்காலம் திரும்பிட்டான். இங்க வழக்கம் என்னன்னா, மோட்டார் போடறதுக்கு முன்னாடி லைன் முழுக்க நடந்து ஒவ்வொரு வால்வா மூடியிருக்கான்னு பார்க்கணும்."

"நடந்தீங்க."

"நடந்தேன். எல்லாம் மூடியிருந்தது. அப்புறம் மோட்டார் போட்டேன். அதுக்கப்புறம்தான் அவன் வந்து திறந்திருக்கான்." தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு இதைச் சொன்னார்.

நான் குழாயடியில் குனிந்திருந்தேன். எனக்கு வேண்டியது அங்கே இருந்தது. "ஷ்யாமளா, பருப்புக்கீரை."

"மாமா, வேலை நேரம்."

"வேலையாத்தான் சொல்றேன். தளதளன்னு மண்டிக் கிடக்கு. ஆனா குழாயைச் சுத்தி இருக்கறது மட்டும் நுனி நுனியாக் கிள்ளியிருக்கு. வயலை நாசம் பண்ண வந்தவன் கூட்டுக்குக் கீரை பறிச்சுட்டுப் போவானா?"

அவள் ஹாலிஸிடம் அந்தக் களையை யார் சாப்பிடுவார்கள் என்று கேட்டாள்.

"யூசேபியோ வீட்டுல. அவங்க வேரோட பிடுங்கிட்டுப் போவாங்க, எனக்கும் களை எடுக்கற செலவு மிச்சம். கிள்ளி எடுக்கறதெல்லாம் இங்க யாருக்குத் தெரியும்?"

எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் நேராகக் காரில் போய் ஏறினோம்.

"நேத்து ராத்திரி டாக்டர் வீட்டுல என்ன சாப்பிட்டோம் மாமா?" என்றாள் அவள், சாவியைத் திருகாமல்.

"சொல்லணுமா?"

ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரே டாக்டர் சந்தானம். திருவல்லிக்கேணிக்காரர். அவர் மனைவி ஜெயமலர் யாழ்ப்பாணம். ஜெர்சி சிட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது பார்த்துப் பிடித்துப்போய்க் கல்யாணம். பாலைவனத்தில் தமிழ்க் குரல் கேட்ட சந்தோஷத்தில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். முலாம்பழ சாம்பார், முலாம்பழத் துவையல், முலாம்பழப் பாயசம். அவற்றின் நடுவே கொஞ்சம் கீரைக் கூட்டு. ஹாலிஸ் பாவம் நஷ்டப்பட்டாரே என்று வெடித்த பழங்களை வண்டி வண்டியாக வாங்கினாராம் டாக்டர். நல்ல மனசு என்று நான் இரண்டாம் தடவையும் பாயசம் வாங்கிக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணா இருக்காது" என்றேன். "எனக்கு ரசம் தனியா எடுத்து வெச்சா."

"ரசம் வெச்சா குத்தம் பண்ண மாட்டாங்களா? நீங்க ஒரு வேலை பண்ணணும். அவங்க வீட்டுக்குப் பின்னாடி மீட்டர் பக்கத்துல மெயின் வால்வு இருக்கு. அதை மூடிட்டு உள்ள வாங்க. நான் ஊறுகாய் கேட்டா, சத்தமில்லாம போய்த் திறந்துடுங்க."

"சாப்பிட்ட வீட்டுல தண்ணியை நிறுத்தறதா?"

"யூசேபியோ வீட்டுல எல்லாத்தையுமே நிறுத்தப் போறாங்க, மாமா."

மூடினேன். ஜன்னல் வழியாக உள்ளே தாளிக்கிற வாசனை வந்தது. ரயில்வேயில் இருந்தவரை ஒரு வண்டியைக்கூடக் காரணமில்லாமல் நான் நிறுத்தியதில்லை.

"வாங்கோ, வாங்கோ அங்கிள். வெயில் எல்லே" என்று ஜெயமலர் கதவைத் திறந்தார். ஷ்யாமளா சோபாவில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

ஜெயமலர் சமையலறைக் குழாயைத் திறந்தார். உஸ் என்று காற்று மட்டும் வந்தது. உடனே இறுக்கி மூடினார். மூடிய பிறகும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு ஃப்ரிட்ஜிலிருந்து ஜாடியை எடுத்து ஊற்றினார்.

"தண்ணி வரலையா?" என்றாள் ஷ்யாமளா.

"இல்லை போல. றோட்டு வேலையாக்கும்."

"உங்க ஊர்ல குழாய்தானா?"

"எங்கட வீட்டிலை கிணறு. குழாயை நான் கண்டதே நேர்ஸிங் படிக்கேக்கைதான்."

ஷ்யாமளா தண்ணீரைக் குடித்தாள். "டாக்கெட் வயல்ல பருப்புக்கீரை நல்லா வருது இல்ல, அக்கா?"

ஜெயமலர் முந்தானையால் மேஜையைத் துடைத்தார். ஏற்கனவே துடைத்த மேஜை. பிறகு நிமிர்ந்து, "நான்தான் திறந்தனான், தங்கச்சி" என்றார். "கீரை கழுவத்தான். வேணுமெண்டு செய்யேல்லை. அவருக்கு ஒண்டும் தெரியாது."

"எவ்வளவு தூரம் திருகினீங்க?"

"கொஞ்சம். அரைச் சுத்து."

எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. வால்வு கடைசிச் சுற்று வரை திறந்திருந்தது என்றல்லவா ஹாலிஸ் சொன்னார் என்று நான் வாயெடுப்பதற்குள் வாசலில் கார் சத்தம். டாக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்.

"அடடே, சார். மறுபடியும் நம்ம வீடு. உட்காருங்கோ, கை கழுவிண்டு வந்துடறேன்." சமையலறைக்குப் போனவர் குழாயைத் திருகினார். உஸ். இன்னும் திருகினார். கடைசி வரை திருகினார். "இங்கயும் கட்டா? மெட்ராஸ் பரவாயில்லை போலிருக்கே." சிரித்தபடி தொட்டிக்குள் ஒரு பாத்திரத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்துவிட்டு, கையை டவலில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குழாய் திறந்தபடி இருந்தது.

ஷ்யாமளா என்னைப் பார்க்கவில்லை. "அக்கா, ஊறுகாய் இருக்கா?"

"முலாம்பழ ஊறுகாய்தான் கிடக்கு" என்றார் ஜெயமலர் மெல்ல.

நான் கொல்லைப்புறம் போய் வால்வைத் திறந்துவிட்டுத் திரும்பினேன். நான் கதவில் கால் வைக்கவும் சமையலறையில் பாத்திரத்தில் தண்ணீர் தடதடவென்று விழவும் சரியாக இருந்தது.

டாக்டர் பாதி எழுந்துவிட்டார். "தண்ணி வந்துடுத்து" என்றார்.

எங்கள் ஊர்க்காரன் தூக்கத்தில்கூடச் சொல்லுகிற வார்த்தை. சொன்ன பிறகுதான் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. இந்த ஊரில் அது நகைநட்டு விழுகிற மாதிரி. ஆனால் யாரும் மூடப் போகவில்லை.

"நான் சொல்லிப்போட்டன்" என்றார் ஜெயமலர். "நான்தான் எண்டு."

"ஜெயா, விடு." டாக்டர் உட்கார்ந்தார். "சாயங்காலம் வாக்கிங் போனேன்மா. கீரை பறிச்சேன். கையெல்லாம் மண்ணு. குழாயைத் திருகினேன், வரலை. இன்னும் திருகினேன், வரலை. சரின்னு வந்துட்டேன். மூடணும்னு தோணவே இல்லை. வராத குழாயை மூடற பழக்கமே நமக்கு இல்லையே."

"எப்போ தெரிஞ்சுது?"

"மறுநாள் காலைல ஹாலிஸ் கிளினிக்குக்கு வந்தார். வயல் போச்சு, தலை சுத்தறதுன்னார். பிபி ஏறிக் கிடந்தது. மாத்திரை எழுதிக் குடுத்தேன். வாயைத் திறக்கலை." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அவர்தான் ஆஸ்பத்திரி போர்டுக்குத் தலைவர். என் கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் அந்த போர்டு. கார்டு வந்துடட்டும், வந்ததும் சொல்லிடலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள யூசேபியோ பேரைச் சொன்னா. அவன் குழந்தைக்கு நான்தான் பிரசவம் பார்த்தேன். இப்போ தெருவுல என்னைப் பார்த்தா தொப்பியை எடுக்கறான். நான் வேற தெருவுல போறேன்."

"பழம் வாங்கினது?"

"வேற என்ன பண்றது? பூமி முழுக்க முலாம்பழம்மா. திங்கத் திங்கத் தீர மாட்டேங்கறது."

ஒரு கிரீன் கார்டு இன்னொரு கிரீன் கார்டின் மேல் உட்கார்ந்திருந்தது. அதை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கு மனசு வரும்? ஷ்யாமளாவும் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தாள்.

டாக்டர் எழுந்தார். வாசலுக்குப் போகவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயை மூடினார். பிறகுதான் ஷூவைத் தேடினார்.

ஹாலிஸ் ஷெரீஃபைப் பார்க்கக் கிளம்பித் தன் பிக்கப்பில் ஒரு காலை வைத்திருந்தார். டாக்டர் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்ததும் அந்தக் காலை இறக்கினார். முடியும்வரை கேட்டார். துப்பாக்கி எங்கே வைத்திருப்பார் என்று நான் கண்ணால் தேடினேன். பின் ஜன்னலில் இரண்டு மாட்டியிருந்தது. ஷ்யாமளாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் என்னைவிட இளையவள்.

"தண்ணி வரலைன்னா ஏன் திறந்து வெச்சீங்க டாக்டர்?" என்றார் ஹாலிஸ்.

"எங்க ஊர்ல தண்ணி எப்போ வரும்னு தெரியாது. வந்தா சத்தம் கேக்கணும்."

ஹாலிஸ் தலையாட்டினார். கிணறு வற்றிய ஊர்க்காரருக்கு அது புரியாமல் போகவில்லை.

ஷ்யாமளா அப்போதுதான் பேசினாள். "மிஸ்டர் டாக்கெட், டாக்டர் திறந்தது பொழுது சாயறதுக்கு முன்னாடி, மோட்டார் ஓடாதப்போ. ஓடியிருந்தா கால் சுற்றுலயே நனைஞ்சிருப்பார், கடைசிச் சுற்று வரைக்கும் போயிருக்க மாட்டார். நீங்க அதுக்கப்புறம்தான் லைன் நடந்தேன்னு சொன்னீங்க. எல்லா வால்வும் மூடியிருந்ததுன்னு."

ஹாலிஸ் தொப்பியை எடுத்தார். நெற்றியில் தொப்பி மறைத்திருந்த பாகம் குழந்தை மாதிரி வெளுத்திருந்தது.

"பேஸ்பால் மேட்ச்" என்றார். "கடைசிக் கட்டம். மோட்டாரைப் போட்டுட்டு டிவிக்குப் போயிட்டேன். லைன் நடக்கறது எப்பவும் யூசேபியோதான். காலைல வயலைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, நடந்திருந்தா தப்பிச்சிருக்கும்னு. நம்ம அசட்டைக்கு இன்ஷூரன்ஸ் தராது. எவனோ வேணும்னு பண்ணினாத்தான் தரும்."

"அதனால ஒரு எவனோ வேணும்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவருக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

பிறகு ஹாலிஸ் டாக்டரைப் பார்த்தார். "அன்னிக்கு பிபி பார்த்தீங்களே, ஏன் ஏறியிருந்ததுன்னு தெரியுமா?"

"அன்னிக்கு என்னோடதைப் பார்க்க ஆள் இல்லை" என்றார் டாக்டர்.

"இதை எழுதினா எனக்கு ஒண்ணும் வராது, இல்லையா மேடம்?"

"வராது. எழுதாம என்னால இருக்க முடியாது."

"போர்டு மீட்டிங்ல உங்களுக்கு நான் ஒண்ணும் வாக்குக் குடுக்க முடியாது, டாக்டர். ஒரு ஓட்டுதான் என்னுது."

"தெரியும்."

"அதை உங்களுக்குப் போடறேன்" என்றார் ஹாலிஸ், யாரையும் பார்க்காமல்.

யூசேபியோவின் வீடு வயலுக்கு அந்தப் பக்கம். வாசலில் மெத்தையும் நாற்காலிகளும் பிக்கப்பில் ஏறியிருந்தன. ஹாலிஸும் டாக்டரும் கதவுக்கு முன்னால் நின்றார்கள். தட்டவில்லை. இவர் தட்டட்டும் என்று அவரும் அவர் தட்டட்டும் என்று இவரும் நின்றதில் வெயிலே கொஞ்சம் சாய்ந்தது. கடைசியில் கதவு தானாகத் திறந்தது. ஒல்லியான மனிதன், கையில் ஒரு டேபிள் ஃபேன்.

இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். யூசேபியோ ஃபேனைக் கீழே வைக்காமல் கேட்டான். டாக்டர் பேசியபோது ஒரு தடவை கண்ணை மூடினான். முடிந்ததும் உள்ளே போய், பதினைந்து வருஷம் இங்கே வேலை செய்தான் என்று முதலாளி எழுதித்தர வேண்டிய காகிதத்தைக் கொண்டு வந்து பிக்கப் பானட்டில் வைத்தான். பானட் கொதித்துக்கொண்டிருந்தது. ஹாலிஸ் உள்ளங்கையை அதன் மேல் ஊன்றிக் கையெழுத்துப் போட்டார். கையை எடுக்க அவசரப்படவில்லை.

யூசேபியோ காகிதத்தை மடித்து சட்டைப் பையில் வைத்தான். "இன்னிக்குப் பருத்திக்குத் தண்ணி விடணுமா?"

"விடணும்" என்றார் ஹாலிஸ்.

"அப்ப லைன் நடந்துட்டு வாங்க. ரெண்டு பேரும்."

நடந்தார்கள். நான் காரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வால்வாக டாக்டர் குனிந்து இறுக்கினார். அவர் நகர்ந்ததும் ஹாலிஸ் குனிந்து அதையே இறுக்கினார். வெடித்த பழங்களின் நடுவே அந்தப் பெரிய தொப்பியும் சின்ன வழுக்கையும் மாறி மாறித் தாழ்ந்து எழுந்தன. யூசேபியோ பிக்கப்பின் பின்பலகையில், தன் மெத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். ஃபேன் மடியில் இருந்தது.

வயல் மூலைக்குப் போனதும் அவர்கள் அங்கிருந்தே திரும்பி வரப் பார்த்தார்கள்.

"அதுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வால்வு இருக்கு" என்று யூசேபியோ குரல் கொடுத்தான்.

திரும்பியவர்கள் மறுபடி நடந்தார்கள்.